எலிசபெத் ஃபார்ம்: ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் பக்கம் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஓப்பரா ஹவுஸ், பாலம், கடற்கரை என்று மூன்று நாள் ஓடிவிடும். நான்காம் நாள் ஹாரிஸ் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே எலிசபெத் ஃபார்முக்கு அழைத்துப் போவேன். பாதிப் பேருக்கு முதலில் ஏமாற்றம்தான். உயரமில்லாத வீடு, முன்னால் கொஞ்சம் புல்வெளி, சுற்றிலும் சாதாரணக் குடியிருப்புத் தெரு. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்பார்கள். அப்புறம் வராந்தாவில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு கேள்வியாக வரும். வருஷக்கணக்கில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எலிசபெத் ஃபார்ம் என்பது என்ன?

ஒரு பண்ணை வீடு. ஜான் மக்கார்தர் என்ற ராணுவ அதிகாரியும் அவர் மனைவி எலிசபெத்தும் 1793-இல் கட்டியது. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ரோஸ்ஹில் பகுதியில் இருக்கிறது. பிரிட்டிஷார் கைதிகளைக் கப்பலேற்றி வந்து சிட்னியில் குடியேற்றத்தைத் தொடங்கியது 1788-இல். அதாவது குடியேற்றம் தொடங்கி ஐந்தே ஆண்டில் எழுந்த வீடு. இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசின் அருங்காட்சியகம்.

230 வருஷமெல்லாம் ஒரு பழமையா? எங்கள் தாத்தா வீட்டுத் தூணுக்கே அந்த வயசு இருக்குமே?

இருக்கலாம். இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் மாமனார். அவர் ஊரில் ஆயிரம் வருஷக் கோயிலின் மதில் மேல் துணி காயப்போடுவார்கள். அவரிடம் அன்று சரியான பதில் சொல்ல வரவில்லை.

இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன். வயதை வைத்துப் பார்த்தால் இந்த வீட்டுக்குப் பெரிய மதிப்பு இல்லை. இதே மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் தங்கிய பாறைக் குகைகளோடு ஒப்பிட்டால் இது நேற்று முளைத்த வீடு. ஆனால் ஒரு நாட்டை இன்னொரு நாடு வந்து எப்படி எடுத்துக்கொண்டது, நிலம் எப்படிக் கைமாறியது, யார் உழைத்தார்கள், யார் பெயர் வாங்கினார்கள் என்பதையெல்லாம் ஒரே கூரையின் கீழ் காட்டுகிற இடங்கள் அதிகம் இல்லை. இந்த வீட்டை ஒரு பழைய பத்திரம் மாதிரி பார்க்க வேண்டும். காகிதம் எவ்வளவு பழையது என்பதைவிட அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதானே முக்கியம்?

ஆஸ்திரேலியாவிலேயே மிகப் பழைய வீடு என்கிறார்களே, உண்மையா?

ஐரோப்பியர் கட்டியவற்றில் என்று சேர்த்துக்கொண்டால் உண்மை. அதிலும் ஒரு திருத்தம் உண்டு. இன்று நாம் பார்க்கும் வீடு முழுவதும் 1793-இல் கட்டியது இல்லை. அன்று கட்டியது ஒற்றைத் தளச் செங்கல் வீடு. 68 அடி நீளம், 18 அடி அகலம், தரைத்தளத்தில் நான்கு அறைகள், ஒரு கூடம், ஒரு நிலவறை. சமையலறை தனியாகப் பக்கத்தில். மாடி கிடையாது. ஜான் மக்கார்தரே ஒரு கடிதத்தில் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். 1820-களில் அதை நீட்டி, அகட்டி, வரவேற்பறையையும் சாப்பாட்டறையையும் அலங்கரித்தார்கள். அந்தச் சின்ன வீடு இந்தப் பெரிய வீட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது.

68-க்கு 18 என்றால் மூச்சு முட்டும் அகலம்தான். ஒரு அறை ஆழம், அவ்வளவே. நம்மூர் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

மக்கார்தருக்கு நிலமும் பணமும் எப்படி வந்தன?

ஜான் வந்தது 1790-இல், இரண்டாம் கப்பற்படையில். அந்தப் படை கொண்டுவந்த சுமார் ஆயிரம் கைதிகளில் கால்வாசிப் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். ஜான் அதில் கைதி இல்லை. கைதிகளைக் காவல் காக்க வந்த நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. கவர்னர் ஃபிலிப் ஊர் திரும்பியதும், பொறுப்பைப் பார்த்துக்கொண்ட பிரான்சிஸ் குரோஸ் தன் அதிகாரிகளுக்கு நிலத்தை அள்ளிக் கொடுத்தார். ஜானுக்கு 1793 பிப்ரவரியில் 100 ஏக்கர். 50 ஏக்கரை முதலில் வெட்டித் திருத்திப் பயிர் செய்தவர் என்று இன்னொரு 100. வேலைக்குக் கைதிகள். அந்தக் கைதிகளுக்குச் சோறு போட்டதும் அரசாங்கம்தான். நிலம் இலவசம், கூலி இல்லை, விளைந்த தானியத்தை வாங்குவதும் அரசாங்கக் கிடங்கு. யாருக்குத்தான் பண்ணை நடத்தத் தெரியாது?

இதோடு சாராயமும் உண்டு. அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்து கப்பல் சரக்கை மொத்தமாக வாங்கி, ரம்மைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். அதனால்தான் அந்தப் படைக்கு 'ரம் படை' என்று பட்டப்பெயர். கவர்னர் பிளை இந்த வியாபாரத்தில் கை வைத்தபோது, 1808 ஜனவரி 26 அன்று படை அவரைச் சிறைபிடித்தது. அதன் பின்னால் இருந்த மூளை ஜான் மக்கார்தர்.

முன்னோடிக் குடும்பம் என்றதும் வியர்வை சிந்தி முன்னுக்கு வந்தவர்கள் என்ற படம் மனதில் வரும். வியர்வை சிந்தியது பெரும்பாலும் கைதிகளுடையது. 1798-இல் எழுதிய கடிதத்தில் எலிசபெத்தே முப்பது நாற்பது பேர் தங்களிடம் வேலை செய்வதாகச் சொல்கிறார்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

பரமட்டாகல் மக்களுடையது. தருக் மொழி பேசிய குலங்களில் ஒன்று. பரமட்டா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். 'பரா' என்றால் விலாங்கு மீன். விலாங்கு கிடக்கும் இடம் பரமட்டா. கடல் உப்புநீரும் ஆற்று நன்னீரும் சந்திக்கும் இடம் என்பதால் மீன் நிறைய. பண்ணைக்கு அருகே ஓடிய ஓடை இன்று கான்கிரீட் கால்வாயாகிவிட்டது.

பெமுல்வுய் என்ற பூர்வகுடிப் போராளியின் பெயரைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1790-கள் முழுக்கக் குடியேறிகளின் பண்ணைகளைத் தாக்கியவர். 1797-இல் ஆட்களோடு பரமட்டாவுக்குள்ளேயே நுழைந்து சண்டையிட்டார். குண்டுகள் பாய்ந்தும் பிழைத்தார். 1802-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன் டெட்பரிக்கோ எலிசபெத் ஃபார்மில் நல்ல பழக்கம், ஜான் மக்கார்தருக்கு வேண்டியவர். தகப்பன் எதிர்த்த வீட்டில் மகன் விருந்தாளி. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. நட்பா, பிழைக்கும் வழியா, இரண்டுமா?

சிட்னிக்குத் தென்மேற்கே கேம்டன் பக்கம் மக்கார்தர் நிலம் விரிந்தபோது மோதலும் அங்கே போனது. 1816 ஏப்ரலில் ஆப்பின் என்ற இடத்தில் கவர்னர் மக்குவாரி அனுப்பிய சிப்பாய்கள் குறைந்தது 14 பூர்வகுடிகளைக் கொன்றார்கள். செம்மறி மேய்ந்த புல்லுக்கு இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டது.

மெரினோ ஆட்டுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆஸ்திரேலியாவின் கம்பளி வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடங்களில் இது ஒன்று. அதில் நமக்கு ஒரு சின்ன உறவும் இருக்கிறது. ஜான் முதலில் வாங்கிய மந்தை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த வங்காளச் செம்மறிகள். அறுபது உருப்படி. அவை நம்மூர் மேச்சேரி ஆடு போலத்தான், உடம்பில் முடி இருக்கும், கம்பளி இருக்காது. அவற்றோடு அயர்லாந்து ஆட்டைச் சேர்த்தபோது பிறந்த குட்டிகளின் மேல் முடியும் கம்பளியும் கலந்து வந்தன. இதைக் கவனித்தபோதுதான் கம்பளியில் காசு பார்க்கலாம் என்ற யோசனை தனக்கு வந்ததாக ஜான் பின்னாளில் சொன்னார்.

1797-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து ஸ்பானிய மெரினோக்கள் வந்தன. கொண்டுவந்தவர்கள் வாட்டர்ஹவுஸ், கென்ட் என்ற இரு கப்பல் கேப்டன்கள். பலர் வாங்கினார்கள், மக்கார்தரும் வாங்கினார். கலப்பு செய்யாமல் தனி வர்க்கமாகப் பேணியதில்தான் அவர்கள் மற்றவர்களை முந்தினார்கள். 1822-இல் லண்டனில் அவர்கள் கம்பளிக்குத் தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. 1966-இல் தசம நாணயம் வந்தபோது அச்சான இரண்டு டாலர் தாளில் ஜானின் முகமும் ஒரு மெரினோவும் இருந்தன. எலிசபெத் அந்தத் தாளில் இல்லை.

பெயர் மட்டும் எலிசபெத் ஃபார்ம். அந்த அம்மா என்னதான் செய்தார்?

இந்தக் கேள்விக்காகவே நான் எல்லோரையும் இங்கே கூட்டி வருகிறேன்.

பெயர் ஜான் வைத்தது, மனைவிக்கு மரியாதையாக. அதோடு விட்டிருந்தால் பலகையில் இருக்கும் பெயராகவே போயிருக்கும். டெவன் பகுதியின் பிரிட்ஜ்ரூல் என்ற கிராமத்தில் 1766-இல் பிறந்தவர் எலிசபெத். கைக்குழந்தையோடு கப்பலேறும்போது மறுபடியும் கர்ப்பம். வழியில் பிறந்த குழந்தை நடுக்கடலிலேயே இறந்தது. இங்கே வந்து சேரும்போது வயது இருபத்து மூன்று.

ஜானுக்கு யாரோடும் ஒத்துப்போகாது. 1801-இல் தன் மேலதிகாரியையே துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்தினார். விசாரணைக்கு இங்கிலாந்து அனுப்பினார்கள். திரும்பியது 1805-இல். கவர்னரைக் கவிழ்த்த கலகத்துக்குப் பிறகு 1809-இல் மறுபடியும் இங்கிலாந்து. வந்தால் கைது என்று உத்தரவு இருந்ததால் 1817 வரை திரும்ப முடியவில்லை. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம். மெரினோ மந்தை பெருகிய வருஷங்கள் அவைதாம்.

யார் பார்த்துக்கொண்டது? எலிசபெத். பரமட்டா வீடு, செவன் ஹில்ஸ் பக்கத்து நிலம், வெகுதூரம் தள்ளியிருந்த கேம்டன் மேய்ச்சல், கைதிகளின் வேலை, கடா தேர்வு, கம்பளியைக் கழுவிக் கட்டிக் கப்பலேற்றுவது, பிள்ளைகள், எல்லாம் அவர் தலையில். அவர் பெற்ற ஒன்பதில் ஏழு பிழைத்தன. கணவரின் கடிதம் கப்பலில் வந்து சேர அரை வருஷமாகும். கேள்வி எழுதிப் பதில் வாங்க ஒரு வருஷம். ஆட்டுக்குச் சொறி வந்தால் ஒரு வருஷம் காத்திருக்க முடியுமா? முடிவு எடுத்தது அவரேதான்.

கடைசிக் காலம் சோகம். ஜானுக்கு மனநிலை தவறியது. மனைவி துரோகம் செய்தார், மகள்கள் திருடினார்கள் என்றெல்லாம் பழி சுமத்தினார். எலிசபெத் தான் நடத்திய வீட்டைவிட்டே வெளியேறி மகள் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. 1832-இல் நீதிமன்றம் ஜானை மனநிலை பிறழ்ந்தவர் என்று அறிவித்தது. அவர் கேம்டனில் 1834-இல் இறந்தார். எலிசபெத் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, 1850 வரை வாழ்ந்தார். இன்று கேம்டன் அருகே மாநில அரசின் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் பெயர்தான். தாமதம், ஆனாலும் சரி.

அந்த வராந்தா நம்மூர்த் திண்ணை மாதிரியே இருக்கிறதே?

நீங்கள் மட்டும் சொல்லவில்லை. வருகிற எல்லோரும் முதலில் போய் உட்காருகிற இடம் அதுதான். இங்கிலாந்தில் அந்தக் காலத்து வீட்டுக்கு வராந்தா கிடையாது, வெயிலை உள்ளே விடத்தான் பார்ப்பார்கள். இங்கே தலைகீழ். சொல்லும் அமைப்பும் இந்தியா போய்வந்த ராணுவக்காரர்கள், கப்பல்காரர்கள் வழியாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டன. வீடு வடக்கே, ஆற்றைப் பார்த்து நிற்கிறது. தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். கூரை அப்படியே தாழ்ந்து வந்து மெல்லிய தூண்கள் மேல் இறங்குகிறது. கோடையில் உச்சி வெயில் கல்தளத்தின் விளிம்போடு நின்றுவிடும், குளிர்காலத்தில் சாய்ந்த வெயில் சுவர் வரை வரும். ஜூலை மாதம் காலை பத்து மணிக்குப் போய்ச் சுவரோரம் முதுகைச் சாய்த்துப் பாருங்கள், சுவர் இளஞ்சூடாக இருக்கும்.

பின்னாளில் ஆஸ்திரேலியா முழுக்க எழுந்த பண்ணை வீடுகளுக்கு, அந்தத் தாழ்ந்த கூரைக்கும் சுற்று வராந்தாவுக்கும், இது ஒரு முன்மாதிரி.

சுண்ணாம்பும் நமக்குப் பழக்கமானதுதான். ஆரம்பகாலச் சிட்னியில் சுண்ணாம்புக் கல் கிடைக்கவில்லை. கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி மேடுகளை அள்ளிச் சூளையில் போட்டார்கள். அவர்கள் சாப்பாட்டுத் தடயமே இவர்கள் சுவருக்குப் பூச்சாயிற்று.

இத்தனை வருஷம் எப்படி இடிக்காமல் விட்டார்கள்?

பாதி அதிர்ஷ்டம், பாதி ஒரு பள்ளி ஆசிரியரின் குடும்பம். 1881-இல் ஆயிரம் ஏக்கருக்கு மேலிருந்த பண்ணை விற்பனையானது. மனையாகவும் தொழிற்சாலையாகவும் துண்டு போட்டார்கள். ஒரு பெரிய துண்டில் 1885-இல் ரோஸ்ஹில் குதிரைப் பந்தய மைதானம் வந்தது, இன்றும் இருக்கிறது. வீடு கைமாறிக் கைமாறிப் பாழடைந்தது. 1904-இல் வில்லியம் ஸ்வான் என்ற அந்தப் பள்ளி ஆசிரியர் வாங்கினார். நிறையப் பெண் பிள்ளைகள் கொண்ட குடும்பம். அவர்களிடம் இடித்துக் கட்டப் பணமில்லை, அதைவிட முக்கியமாக மனமும் இல்லை. வீட்டின் கதை தெரிந்து பேணினார்கள். 1968 வரை, அறுபத்து நான்கு வருஷம், ஸ்வான் குடும்பம் அங்கே இருந்தது.  ஆனாலும் கதை சொல்லும்போது அவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

பிறகு ஓர் அறக்கட்டளை, அப்புறம் மாநில அரசு. பழுது பார்த்து 1984-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஒரு வீடு பாரம்பரியச் சின்னம் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நியூ சவுத் வேல்ஸில் 1977-இல் இதற்கென்று சட்டம் வந்தது. ஏழு அளவுகோல்கள் உண்டு. வரலாறு, தொடர்புடைய மனிதர்கள், அழகும் கட்டுமானத் திறனும், மக்களுக்கு அதன்மேல் உள்ள பிடிப்பு, ஆராய்ச்சிக்கு உதவுமா, அரிதா, தன் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டா. மாநிலப் பட்டியலில் சேர பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் தேற வேண்டும். மாநிலப் பதிவேட்டில் எலிசபெத் ஃபார்மின் எண் 00001.

பழுது பார்க்கும் முறைக்கு 'பர்ரா சாசனம்' என்ற வழிகாட்டி இருக்கிறது. 1979-இல் தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய சுரங்க ஊரில் வைத்து ஏற்றுக்கொண்டது. அதன் சாரம்: தேவையானதைச் செய், அதற்கு மேல் கை வைக்காதே. நம்மூரில் திருப்பணி என்ற பெயரில் கல்மண்டபத்துக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதையும் பழைய தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிப்பதையும் பார்த்து நொந்தவன் நான். அந்தச் சாசனத்தைத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கலாம் என்று தோன்றும்.

உள்ளே உள்ள நாற்காலி, மேசை எல்லாம் அசலா?

பெரும்பாலும் இல்லை, பிரதிகள். அதுதான் இங்கே வசதி. வேறு அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி 'தொடாதே' என்று எழுதியிருக்கும். இங்கே சோபாவில் உட்காரலாம், மேசை இழுப்பறையைத் திறக்கலாம், குழந்தைகளை அதட்ட வேண்டியதில்லை. அசல் எது என்றால் வீடுதான்.

மக்கார்தர் வம்சம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கேம்டன் பார்க் என்ற பெரிய மாளிகை 1835-இல் கட்டி முடித்தது. வம்சாவளியினர் இன்றும் அங்கே குடியிருக்கிறார்கள்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

இரண்டு வீடுகள், இரண்டும் நடக்கும் தூரம். ஹாம்பிள்டன் காட்டேஜ், 1824-இல் மக்கார்தர்கள் கட்டியது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பெனலப்பி லூகாஸ் அம்மையார் அங்கே வசித்தார். இன்னொன்று எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம். தண்டனை முடிந்த கைதியான ஜேம்ஸ் ரூஸ் என்பவர், உழுது பிழைக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்து அரசாங்கத்திடம் மானியமாகப் பெற்ற 30 ஏக்கர் நிலம். நிற்கிற வீடு பின்னால் ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவர் கட்டியது. ஹாரிஸ் பார்க் என்ற பெயர் அவரால் வந்தது. அவர் இந்தியாவிலிருந்து வந்த புள்ளிமான்களை வளர்த்தவர். இன்று அந்தப் பேட்டை முழுக்க இந்தியக் கடைகள்.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஆகும்?

ஹாரிஸ் பார்க் ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. தினமும் திறந்திருக்காது, கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு மணி நேரம், தோட்டத்துக்கு அரை மணி. தோட்டத்தில் ஒரு ஆலிவ் மரம் இருக்கிறது. 1805-இல் நட்டது என்று சொல்கிறார்கள். அடிமரத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

காப்பிக்கு ஹாரிஸ் பார்க்கின் விக்ரம் தெருவுக்குத் திரும்பிவிடுங்கள். என் மாமனார் அன்று திரும்பும் வழியில் வெகுநேரம் பேசவில்லை. தோசை வந்ததும், "அந்தப் பொம்பளை எழுதின கடுதாசி எல்லாம் பத்திரமா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கின்றன, சிட்னியில் மாநில நூலகத்தில்.